நாகலக்ஷ்மிக்கு என்ன உறவு

“உறவு?” என்று தலை நிமிராமல் வங்காளத்தில் கேட்டார் சுடுகாட்டு எழுத்தர்.

“இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். நாங்கதான் எல்லாம்,” என்றாள் மாலதி. பக்கத்தில் நின்ற நீலாவதிக்குக் காலையில் போன் செய்தவள் அவள்தான். ‘உன் அக்கா போயிட்டா. நீ அலிப்பூர் கோர்ட்டுல டைப்பிஸ்ட்னு சொல்லியிருந்தா, விசாரிச்சு நம்பர் வாங்கினேன். வந்தே ஆகணும்னு இல்லை.’

நாகலக்ஷ்மி பத்தொன்பது வயதில் ஒருவனை நம்பிப் போனாள். அவன் அவளைக் காளிகாட் சந்தில் விற்றுவிட்டான். செய்தி வந்த அன்று அப்பா பட்டாபிராமன் தலைமுழுகினார். பெஹாலா வீட்டில் அப்புறம் யாரும் அவள் பேரை எடுக்கவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன், கோர்ட்டில், போலீஸ் பிடித்து வந்த பெண்களின் வரிசையில் நீலாவதி அவளைப் பார்த்தாள். “இந்தத் தொழில் செய்வது குற்றமில்லை. தெருவில் நின்று ஆள் கூப்பிட்டதற்குச் சாட்சி எங்கே?” என்றார் வக்கீல். சாட்சி இல்லை. விடுவிக்கும் உத்தரவை நீலாவதிதான் தட்டினாள். தலையை மட்டும் தூக்கவில்லை. அக்கா அவள் மேஜையருகே ஒரு கணம் நின்றாள். கூப்பிடாமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலங்கள் நீலாவதி காளிகாட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறாள். சந்து முனை வரை போவாள். திரும்பிவிடுவாள்.

“நான் தங்கை,” என்றாள் இப்போது. “கூடப் பிறந்தவ.”

எழுத்தர் நிமிர்ந்தார். “இறந்தவங்க தொழில்?”

மாலதி அவள் காதருகே குனிந்தாள். “வீட்டு வேலைன்னு எழுதிக்கலாம். எங்களுக்கு வருத்தமில்லை.”

“பாலியல் தொழில்,” என்றாள் நீலாவதி. “குத்தமில்லை. எழுதுங்க.”

பேனா நின்றது. பிறகு எழுதியது.

வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்த அக்காவின் தலையில் பாதி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியாது. காதோரம் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மின்தகன மேடையின் கதவு மூடியது.

வெளியே படிக்கட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாலதி ஒரு பொட்டலம் பொரியை அவள் பக்கம் நீட்டினாள்.

“ஷாப்ட்டியா?”

நீலாவதி திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“உன் அக்கா தினம் எங்க எல்லாரையும் இப்படிக் கேப்பா,” என்றாள் மாலதி வங்காளத்தில். “எங்களுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான்.”

நீலாவதி படியில் உட்கார்ந்தாள்.

“இன்னும் இல்லேக்கா,” என்றாள் தமிழில்.