அறுபத்தொரு இடத்துத் தண்ணீர்

ரைஹான் ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தான். பால் காய்ச்சினான். டீ குடித்தான். சட்டையைத் தேய்த்தான். மனைவி நிலோஃபர் இறந்து நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

எட்டு மணிக்குப் பேராசிரியர் சீனிவாசலு வந்தார். நிலோஃபரின் ஆராய்ச்சி வழிகாட்டி. தென்துருவக் கடலில் இரண்டு மாதம் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே அவள் தண்ணீரின் உப்பை அளந்தபோது, பீளமேட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து வழிகாட்டியவர். கையில் இரங்கல் கூட்டத்து அழைப்பிதழ். அட்டையில் நிலோஃபர் ஸ்வெட்டரோடு சிரித்தாள்.

"அண்டார்டிகாவுல எடுத்ததுங்க தம்பி."

"ஊட்டி போட் ஹவுஸ்ங்க சார்."

"அப்படிங்களா. இருக்கட்டும், யாருக்குத் தெரியப்போகுது?"

டீயைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். கப்பலில் போய் அறுபத்தொரு இடத்தில் அவள் எடுத்த அளவுகளை மாதக் கடைசிக்குள் இணையப் பொதுத்தளத்தில் போட வேண்டும். போட்டுவிட்டால் உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் அவருக்கு அவளுடைய லேப்டாப் வேண்டும்.

"பத்தொம்பது எடத்துல சேப்புல என்னமோ எழுதி வெச்சிருக்காங்க. அத மட்டும் எடுத்துப்போட்டா படம் அழகா வந்துருமுங்க."

என்னமோ இல்லை. கடலுக்குள் இறக்கிய கருவி ஒவ்வொரு முறை மேலே வந்தபோதும், அதே ஆழத்துத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துத் தன் கையாலும் சோதித்தாள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களில், 'பொருந்தவில்லை, காரணம் தெரியாது' என்று எழுதினாள். தெரியாது என்று எழுத அவருடைய துறையில் வேறு யாருக்கும் கை வந்ததில்லை. பத்தொன்பதையும் நீக்கினால் வரைபடத்தின் கோடு அவருடைய கட்டுரை சொல்லும் பக்கம் சாயும். அது ரைஹானுக்கும் தெரியும். அவளுடைய தட்டச்சுக்காரன் அவன்தான்.

"அவங்க ஆசையே அதானுங்களே. அழைப்பிதழ் உள்ள பாருங்க, போட்டிருக்கறேன்."

தடித்த எழுத்தில் இருந்தது: 'என் அளவுகளை ஐயாவிடம் ஒப்படையுங்கள்' என்பவையே அவரது இறுதிச் சொற்கள்.

நிலோஃபர் அவரை ஒருநாளும் ஐயா என்றதில்லை. வீட்டில் அவருக்கு வைத்திருந்த பெயரை அச்சில் போட முடியாது.

ரைஹான் லேப்டாப்பைத் திறந்தான். அவர் முகம் மலர்ந்தது. அவன் அறுபத்தொரு இடங்களையும், சிவப்புக் குறிப்புகளோடு, பொதுத்தளத்தில் ஏற்றினான். மூன்று நிமிடம் ஆனது. அதுவரை அவர் பிஸ்கட் தின்றார்.

"போயிருச்சுங்க சார்."

"எதுங்க?"

"எல்லாமேங்க. இனி நார்வேக்காரனும் பார்ப்பான். நீங்களும் பார்த்துக்கலாமுங்க."

பிஸ்கட் பாதியில் நின்றது. "கடைசி ஆசைங்க தம்பி. அதுல போய் இப்படிப் பண்ணிப்போட்டீங்களே."

"ஆஸ்பத்திரில நாந்தானுங்க இருந்தேன். நீங்க வரவே இல்லீங்க."

சீனிவாசலு பேனாவை எடுத்தார். "செரி, அப்ப என்னதான் சொன்னாங்க? இன்னும் ஆயிரம் காப்பி அடிக்கோணும், திருத்திப்போடறேன்."

ரைஹான், அவர் எழுதிக்கொள்ளட்டும் என்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"ஏனுங்க, உக்கடத்துல வாங்குன மீனு ஃப்ரிட்ஜுலயே கெடக்குது. கெட்டுப்போயிரும், இன்னிக்கே கொளம்பு வெச்சுப்போடுங்க."