எண்பத்தைந்தாம் பக்கம்

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு புரூஃப் பார்ப்பவர். கேலிக்காகச் சொல்லவில்லை. தேதி போட்டு டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்காவின் கணவர் அவர். பிரார்த்தனைப் புத்தகங்கள் போடும் பதிப்பகத்தில் பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறார். இரண்டு வருடத்துக்கு முன் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். அதை வாரம் ஒருமுறையாவது அக்கா ஞாபகப்படுத்துவாள். நான் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து புரூஃபில் விரல் ஓட்டி வர வேண்டும். முன்னுரை எல்லாம் ஒழுங்காகப் போகும். பிரார்த்தனை வந்ததும் கண் மூடிக்கொள்ளும், விரல் நின்றுவிடும், உதடு மட்டும் அசையும். முடிந்ததும், ஏதோ நான்தான் இடைஞ்சல் செய்ததுபோல, "ம், மேல போம்மா" என்பார். பிரார்த்தனைப் புத்தகத்தில் முக்கால்வாசி பிரார்த்தனைதானே.

ஒருநாள் கேட்டே விட்டேன். "காதுல விழுந்த பிரார்த்தனையச் சும்மா விடக்கூடாதும்மா" என்றார். இதற்கு ஒரு சம்பளம்.

போன மாதம் முதலாளி ஒரு மென்பொருள் வாங்கினார். மூலப்பிரதியையும் அச்சானதையும் அதுவே ஒப்பிட்டுவிடுமாம். சோதனைக்காக நாங்கள் பார்த்த பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் அது கண்டுபிடித்தது: மூலப்பிரதியின் எண்பத்தைந்தாம் பக்கம், களைத்தவர்களின் பிரார்த்தனை, புத்தகத்தில் இல்லவே இல்லை. தட்டச்சில் விட்டுப்போனதை நாங்களும் பிடிக்கவில்லை.

புத்தகம் வெளிவந்து ஏழு மாதம். வாங்கிய ஒருவர்கூடக் கேட்கவில்லை. பக்தர்கள் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். அக்கா தினமும் மாலையில் அதைத் திறந்துவைத்து, அதில் இல்லாத பிரார்த்தனையைத் தடுமாறாமல் சொல்கிறாள். இடையில் பக்கம் வேறு புரட்டுகிறாள்.

இனி ஒரு ஆள் போதும் என்றார் முதலாளி. யாருடைய கவனக்குறைவோ அவர் பார்சல் பகுதிக்குப் போய்க் கட்டுத் தூக்கட்டும், நாளைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். அத்தானுக்கு முதுகு வலி உண்டு. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆதாரம் என்னிடம் இருக்கிறது.

மாலையில் டைரியைப் புரட்டி, அவர் கண் மூடிய நாட்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். அந்தப் புத்தகம் பார்த்த தேதிக்கு வந்தேன். என் கையெழுத்தில் இருந்தது: "மாலை வகுப்பில் தேர்வு. ஐந்தே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். 85ஐ வாசிக்கவில்லை. எப்படியும் கண்ணை மூடத்தான் போகிறார்."

மூன்று முறை படித்தேன். வாசித்திருந்தாலும் அவர் விட்டிருப்பார் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள் டைரியைப் பையில் வைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். எதற்கு எடுத்துப் போனேன், அத்தானைக் காட்டிக்கொடுக்கவா, என்னையேவா என்று இப்போதும் சரியாக எழுத வரவில்லை. கூடவே வந்த அத்தான், நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"நான் கண்ண மூடிட்டேங்க. பழக்கமாயிடுச்சு."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். பையின் ஜிப் பாதி திறந்திருந்தது. அதை மூடினேன்.

வராந்தாவில் அத்தானை நிறுத்தினேன். நான் ஒரு பக்கம் தாண்டியது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? மனப்பாடமா இருக்கே. நீ படிக்கலன்னதும் நானே சொல்லிக்கிட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உனக்குப் பரீட்சைன்னு அக்கா சொன்னா. காலையில பாத்துக்கலாம்னு இருந்தேன், மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம். பதினாறு வருட அனுபவம்.

இப்போது அவர் பார்சல் பகுதியில் இருக்கிறார். நான் மென்பொருளோடு இருக்கிறேன். அது கண் மூடுவதில்லை. ஆனால் எதைக் காட்டினாலும், சரிதானா என்று மூலப்பிரதியை எடுத்து நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

இன்று, விட்டுப்போன பக்கம் சேர்த்து அச்சான புதுப் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அத்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை அக்காவின் முன்னால் வைத்தேன். திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கினாள்.

"பழசே இருக்கட்டும்டீ. கைக்குப் பழகிடுச்சு."

இருவரும் பழைய புத்தகத்தைப் புரட்டி, அதில் இல்லாத அந்தப் பக்கத்துக்கு வந்தார்கள். களைத்தவர்களின் பிரார்த்தனையை ஒரே குரலில் ஆரம்பித்தார்கள். முடியும்வரை நான் நிற்கவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது.