வாபஸ் வாங்காத பிராது

சந்திரலேகா தான் கட்டிய பிராதை வாபஸ் வாங்கத் தவறியதால், அவள் மகன் பிரேம்நாத் பத்தொன்பது வயதில் ஏழடியைத் தாண்டி, நிற்காமல் வளர்ந்துகொண்டிருந்தான். காரணம் என்ன என்பதில் விருத்தாசலத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. குறையைத் தாளில் எழுதி மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரித்துத் தீர்த்துவைப்பார். தீர்ந்ததும் கட்டியவரே நேரில் போய், என் குறை தீர்ந்தது என்று வாயால் சொல்லி ராஜினாமா கொடுக்க வேண்டும். திருட்டுப்போன வண்டிக்கும் ஓடிப்போன புருஷனுக்கும் வரப்புத் தகராறுக்கும் இதுதான் நடைமுறை. ராஜினாமா வராத வழக்கை அவர் தாமாக மூடுவதில்லை. திட்டக்குடிப் பக்கம் ஒருவர், காணாமல்போன பசு கிடைத்த சந்தோஷத்தில் கோயிலை மறந்துவிட்டார். அதன்பிறகு ஊரார் பசுக்களெல்லாம் அவர் கொட்டகைக்கு நடந்து வந்துகொண்டே இருந்தன. போலீஸ்காரர்கள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள்.

பிராது கட்டிய காலத்தில் பிரேம்நாத் வகுப்பிலேயே குள்ளம். பசங்க அவனை ஃபியூஸ் கட்டை என்றார்கள். பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைச் செய்து பாதித் தமிழ்நாட்டுக்கு அனுப்புகிற ஊரில் அது எல்லோர் வாயிலும் சுலபமாக ஒட்டிக்கொண்டது. அவன் அப்பா சிங்காரவேல் செராமிக் கம்பெனியில் அச்சு போடுகிறவன். சந்திரலேகா அதே கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சமன் செய்கிறவள். ஒருநாள் பையன் அழுதுகொண்டு வந்து சோறு வேண்டாமென்று படுத்துவிட, மறுநாளே அவள் பஸ் ஏறிப் போய், என் மகன் வளர வேண்டும் என்று எழுதிக் கட்டிவிட்டு வந்தாள். எவ்வளவு என்று எழுதவில்லை. எந்தத் தாய்தான் எழுதுவாள்?

அவன் வளர்ந்தான். வளரும் சத்தம் கேட்டது. சூளையைத் திறந்து பாத்திரங்கள் ஆறும்போது டிங், டிங் என்று ஒரு சின்னச் சத்தம் வருமே, அதே சத்தம் அவன் முழங்காலிலிருந்தும் முதுகிலிருந்தும் வந்தது. பக்கத்து வூட்டுக்காரர்கள் முதலில் எட்டிப்பார்த்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அப்பனை அவன் தாண்டியபோதே, போதும், ராஜினாமா கொடுத்துவிடலாம் என்றாள் சந்திரலேகா. அப்போது கம்பெனியில் கார்த்திகை விளக்கு ஆர்டர் மலையாகக் கிடந்தது. கார்த்திகை முடியட்டும் என்றான் சிங்காரவேல். கார்த்திகை முடிவதற்குள் ஸ்கூல் பி.டி. மாஸ்டர் அன்புச்செல்வன் பையனைக் கூட்டிப்போய் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நிறுத்திவிட்டார். எம்பாமலே அவன் கை வளையத்தைத் தொட்டது. அதன்பிறகு அந்தப் பையன் அவன் வூட்டுக்கு மட்டும் சொந்தமாக இல்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒசரத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது, ஓடச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது அன்புச்செல்வன் கட்சி. டீக்கடை கொளஞ்சிநாதன் எதிர்க்கட்சி. அவர் வாழ்நாளில் ஒரு ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்தவர் இல்லை, ஆனாலும் காலு பேசல, கையில பந்து நிக்கல, திரும்புறதுக்குள்ள டீ ஆறிடுது என்று தினமும் தீர்ப்புச் சொன்னார். நெய்வேலியில் நடந்த போட்டிக்கு வேன் பிடித்துப் போனார்கள். எதிராளி எறிந்த பந்துகளை எல்லாம் பிரேம்நாத் மாம்பழம் பறிப்பதுபோலப் பறித்தான், பறித்ததை எல்லாம் பக்கத்தில் நின்ற சின்னப் பையனிடம் கொடுத்துப் போடச் சொன்னான். சுயநலம் இல்லாதவன் தொழில்முறை ஆட்டத்தில் பிழைக்க மாட்டான் என்று ஒரு சாராரும், அதுதான் பெரிய ஆட்டக்காரனின் லட்சணம் என்று இன்னொரு சாராரும் திரும்பும் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தார்கள். வேனுக்குள் அடங்காததால் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அவனும் அதே வேனில்தான் வந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெங்களூரிலிருந்து நந்தகுமார் என்ற ஏஜெண்ட் வந்தார். வெளிநாட்டு அணிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். டேப்போடு நாற்காலி மேல் ஏறி அளந்தார், பல்லைப் பார்த்தார், உள்ளங்காலைப் பார்த்தார். ஏழே காலடி வந்தால் தை மாசம் தேர்வுக்கு வெளிநாட்டுக்காரர்கள் நேரில் வருவார்கள் என்றார். புரட்டாசியில் ஏழே காலடி வந்தது. அதே மாதம் பாண்டிச்சேரியில் பார்த்த டாக்டர், லாரி அளவு ஒடம்புல மொபெட் என்ஜின் ஓடுது, இதுக்கு மேல வளரக் கூடாது என்று சந்திரலேகாவிடம் சொன்னார். அவள் வூட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றவில்லை.

"ஏங்க, அவங்க கேட்ட ஒசரம் வந்துடுச்சு. நாளைக்கு நான் கோயிலுக்குப் போயி ராஜினாமா குடுத்துட்டு வந்துடுறேன்."

"அவசரப்படாத புள்ள. பச்சையா இருக்குறப்ப கேட்ட அளவுலயே வார்த்தா, சூளைக்குப் போயி வர்றப்ப என்ன ஆவும்? கம்மியா வரும். உனக்குத் தெரியாதா? ரெண்டு விரக்கட கூடுதலா இருக்கட்டும்."

"அவன் என்ன பொம்மையா?"

"சுடாம எவனும் எடுத்துக்க மாட்டான் லேகா. தை வரைக்கும் பொறு."

சிங்காரவேல் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து வருஷமாகச் சுருக்கத்துக்கு இடம் விட்டே அச்சு போட்டவன். போகிற இடத்தில் வெயிலும் குளிரும் பசியும் பையனைக் குறைத்துவிடும் என்று மெய்யாகவே நம்பினான். ஊரே நம்பியது. கொளஞ்சிநாதன்கூட முதல்முறையாக எதிர்க்கட்சியை விட்டு, அதுல நியாயம் இருக்குது என்றார். சந்திரலேகா மகனிடம் போனாள். அவன் அடுப்படிவரை காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"யம்மா, நெய்வேலியில நான் நல்லா ஆடுனனா?"

அவளுக்குக் கூடைப்பந்தில் ஒரு இழவும் தெரியாது. அவன் தலை கூட்டத்துக்கு மேலே தெரிந்தது ஒன்றுதான் அவள் பார்த்தது.

"நல்லாத்தான் ஆடுன."

"அப்ப தை வரைக்கும் இருக்கட்டும்மா. ஒசரம் கம்மின்னு திருப்பி அனுப்பிட்டா, மறுபடியும் எல்லாரும் சிரிப்பாங்க."

அவள் கோயிலுக்குப் போகவில்லை. அன்றைக்குப் போயிருந்தால் பிள்ளை இருந்திருப்பான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை.

மார்கழியில் ஒருநாள் காலைப் பயிற்சி முடிந்து பிரேம்நாத் வளையத்துக்குக் கீழே உட்கார்ந்தான், மடியில் பந்தோடு. உட்கார்ந்தாலும் நிற்கிறவன் உயரம் இருந்ததால் அவனுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் உடனே தெரியவில்லை. அவன் மூச்சு நின்ற பிறகும் பக்கத்தில் அன்புச்செல்வனும் கொளஞ்சிநாதனும், அவன் இடது கையால் பந்து போடுவானா மாட்டானா என்று நெடுநேரம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நீயே சொல்லுடா என்று கொளஞ்சிநாதன் அவன் தோளில் தட்டினார். பந்து மடியிலிருந்து உருண்டு போனது. கம்பெனிக்கு ஆள் வந்து சொன்னபோது சந்திரலேகா கையில் பாதி துடைத்த பிள்ளையார் இருந்தார். அவள் மீதியையும் துடைத்து, பலகையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

கல்யாணம் ஆகாத பிள்ளை என்பதால் மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டில் புதைத்தார்கள். வெட்டிய குழி, வூட்டிலிருந்து தூக்கி வருவதற்குள் பற்றாமல் போனது. தலைமாட்டில் மறுபடி வெட்டினார்கள். மண் தள்ளும்போது உள்ளேயிருந்து டிங், டிங் என்று கேட்டது. வெட்டியான் ஒரு கணம் நிறுத்தி சிங்காரவேலைப் பார்த்தான், பிறகு வேலையைத் தொடர்ந்தான். எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிராது இன்னும் கோயிலில் கிடக்கிறது.

காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் சந்திரலேகாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். பூசாரி நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"குறை தீந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. அது போதும்."

அவள் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை வரவில்லை. சொல்லு, சொல்லு என்றாள் பின்னால் நின்ற நாத்தனார் சின்னம்மாள். எந்தக் குறை தீர்ந்தது என்று அவள் சாமி சன்னதியில் நின்று பொய் சொல்லுவாள்? சூடம் அணைந்தது. அவள் திரும்பி நடந்து வந்து பஸ்ஸில் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு சிங்காரவேல் எந்த அச்சுக்கும் சுருக்கத்துக்கு இடம் விடவில்லை. கேட்ட அளவுக்கே போட்டான். அவன் வார்த்த விளக்கும் பொம்மையும் சூளையிலிருந்து ஒருசுற்றுச் சின்னதாக வந்தன, மூடி ஜாடிக்குப் பொருந்தவில்லை. கம்பெனி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து அவனை நிறுத்திவிட்டது. இப்போது அவன் பஸ் ஸ்டாண்டில் பார்சல் இறக்குகிறான். நந்தகுமார் ஒருமுறை போன் செய்து, சேதி தெரிந்து வருத்தம் சொல்லி, ஊரில் வேறு உயரமான பையன் யாராவது இருக்கிறானா என்று கேட்டார்.

சமாதி மேடு வருஷாவருஷம் நீள்கிறது. மழைக்காலத்தில் கூடுதலாகவும் கோடையில் குறைவாகவும் நீள்கிறது என்கிறார்கள். வாதம் ஓயவில்லை. இருந்திருந்தால் வெளிநாட்டில் ஆடியிருப்பான் என்று அன்புச்செல்வனும், பெஞ்சில்தான் உட்கார வைத்திருப்பார்கள் என்று கொளஞ்சிநாதனும் மேட்டின் இரண்டு முனையிலும் நின்றுகொண்டு இன்றும் பேசுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதற்கு இப்போது சத்தம் போட வேண்டியிருக்கிறது. சந்திரலேகா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடந்து, புல்லைப் பிடுங்கிப்போட்டு, கொஞ்ச நேரம் காதை மண்ணில் வைத்திருந்துவிட்டுப் போவாள்.

போன வருஷம் நகராட்சி சுடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் எடுத்தது. நூல் பிடித்தபோது மேட்டின் கால்மாடு குறுக்கே வந்தது. சூப்பர்வைசர் அறிவழகன் ஊருக்குப் புதுசு, ஆனாலும் கேள்விப்பட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காத்திருந்து அவளிடம் பேசினார்.

"ராஜினாமா குடுத்துட்டா நின்னுடுமாமே. நானே வண்டியில கூட்டிட்டுப் போயிட்டு வரேம்மா."

சந்திரலேகா மேட்டைப் பார்த்தாள். உள்ளே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"செவுர அந்தாண்ட தள்ளிக் கட்டுங்க சார்," என்றாள். "வளர்ற புள்ள."

அறிவழகன் ஆட்களிடம் சொல்லி நூலை அவிழ்த்து, ஆற்றோரமாகப் பிடிக்கச் சொன்னார்.