சிவப்புப் பேனாவின் வெள்ளைச் சட்டை

ஓட்டுநர் தேர்வுக்கு அந்த நர்ஸ் வந்திருப்பது இது மூன்றாவது முறை. முதல் முறை வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டாள். அடுத்த முறை கம்பம் தப்பித்தது. சிக்னல்தான் கண்ணில் படவில்லை.

இந்த முறையும் கோட்டை விட்டால் அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பகல் வேலை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உரிமத்தைக் காட்டினால் திங்கள்கிழமையே சேரலாம். இல்லையென்றால் அதே ஆஸ்பத்திரி, அதே இரவு ஷிஃப்ட். மகள் எழுந்திருக்கும்போது இவள் படுக்கப் போவதும், இவள் வேலைக்குக் கிளம்பும்போது மகள் படுக்கப் போவதுமாக, ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருந்தது போதும் போதும் என்றாகியிருந்தது.

"அக்கா, இன்னைக்கு யாரு வந்திருக்கா தெரியுமா?" பயிற்சிப் பள்ளி மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "சிவப்புப் பேனா."

வண்டி கற்றுக்கொள்பவர்கள் அந்த அதிகாரிக்கு வைத்த பெயர் அது. சிரிக்க மாட்டார். பேச மாட்டார். மடியில் அட்டையை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் தப்புகளைச் சுழித்துக்கொண்டே வருவார்.

"பயப்படாதீங்க. சொன்னதைச் செய்யுங்க, வாயை மட்டும் திறக்காதீங்க."

"நான் எங்க மாஸ்டர் வாயைத் திறக்கறேன்?"

"போன தடவை சிக்னல் ஏன் தெரியலன்னு அந்த ஆபீசருக்கு வழி பூரா விளக்கம் சொன்னீங்களே, மறந்துடுச்சா?"

அதற்குள் சிவப்புப் பேனா வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. "எடுங்க" என்றார்.

எடுத்தாள். கண்ணாடி பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், திரும்பினாள். தானா இப்படி ஓட்டுகிறோம் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கடைத்தெருவில் நுழைந்ததும், ஓரமாக நின்ற இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஒரு நாய், தன் பாட்டன் சொத்து போலச் சாலையில் இறங்கியது.

சட்டென்று கண்ணாடியைப் பார்த்து, பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. நாய் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

வண்டி நின்றது, கை நிற்கவில்லை. அது அதிகாரியின் மார்புக்குக் குறுக்கே பாய்ந்து, அவரை இருக்கையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது.

"ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல. அம்மா பிடிச்சுக்கிட்டேன்" என்றது வாய்.

லீவு நாளெல்லாம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பஸ்ஸில் போகிறவள். பிரேக் போட்டால் கை தானாகக் குறுக்கே போகும். மூளையைக் கேட்டுக்கொண்டெல்லாம் போகாது.

"ஓரமா நிறுத்துங்க" என்றார் அவர்.

நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தால், வெள்ளைச் சட்டையில் பையிலிருந்து காலர் வரைக்கும் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. அவள் கை இடித்ததில் அவர் கையிலிருந்த பேனா இழுத்துக்கொண்டு போயிருந்தது. கறையைக் கண்டதும் கை மறுபடியும் அவளைக் கேட்காமல் கிளம்பியது. கைப்பையிலிருந்து ஈரத்துணி ஒன்றை உருவித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அசையாம இரு. அசைஞ்சா பரவும்."

அவர் அசையவில்லை. கோடு பரவி ரோஜா நிறத்தில் திட்டானது. காலர் வரைக்கும் தேய்த்துக்கொண்டு போனபோதுதான் அதற்கு மேலே நரைத்த மீசை ஒன்று இருப்பதைப் பார்த்தாள்.

"ஐயோ! சார்!"

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார்.

"எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணுதான் சார்."

"ஒண்ணுக்கே இப்படியா?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எடுங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மனதில் இரவு ஷிஃப்ட்டின் குழல்விளக்குதான் எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் போய்விட்டது என்று ஆனபிறகு பதற்றமும் போய்விட்டது. தேர்வு மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் வெண்ணெயில் கத்தி போல நிறுத்தினாள்.

அவர் எதையோ எழுதினார். "பிரேக் சரியான நேரத்துல போட்டீங்க. கண்ணாடி பாத்துட்டுதான் மிதிச்சீங்க, அதையும் கவனிச்சேன். ஸ்டியரிங்ல இருந்து கையை எடுத்தீங்க. அதுக்கு மார்க் குறைச்சாச்சு."

"சரி சார்." பெல்ட்டைக் கழற்றினாள்.

"குறைச்சும் பாஸ்தான்."

"சார்?"

"இந்த சீட்ல உக்காந்து இத்தனை வருஷமாச்சு. என்னைக் கொல்லப் பாத்தவங்கதான் ஜாஸ்தி. காப்பாத்தப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்மா." மீசை ஒருமாதிரி துடித்தது. இறங்கப் போனவர் நின்றார். "அந்த ஈரத்துணி இன்னொண்ணு இருக்கா? மீட்டிங் இருக்கு எனக்கு."

பாக்கெட்டையே கொடுத்துவிட்டாள்.

அவர் போனதும் மைதானத்து ஓர பெஞ்சில் உட்கார்ந்து கணவனைக் கூப்பிட்டாள். அவன் 'ஹலோ' என்றதுதான் தாமதம், அதுவரை அடக்கிவைத்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. 'அம்மா பிடிச்சுக்கிட்டேன்' என்று சொன்னது நினைவுக்கு வர, மூச்சே விட முடியவில்லை. தோள் குலுங்கியது, தொண்டையிலிருந்து விக்கல் மாதிரி ஏதோ வந்தது.

"ஏய், அழறியா? அழாத! போனா போகுது விடு. லைசென்ஸ் என்ன பெரிய லைசென்ஸ்!"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது.

"அந்த ஆபீசருக்கு உன் அருமை எங்க தெரியப்போகுது? இங்க பாரு, இந்த மாசம் பூரா பாத்திரம் நான் கழுவறேன். காலையில குட்டிக்குத் தலையும் நானே பின்னிவிடறேன். போதுமா?"

சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"துணி?" என்றாள், மெல்ல.

"துணியும் நானே மடிக்கறேன்மா. நீ அழாத."

இதற்கு மேல் கேட்டால் பாவம் என்று தோன்றியது. "ஏங்க, நான் பாஸாயிட்டேங்க."

மறுமுனையில் ஒரு கூச்சல். "குட்டி, அம்மா பாஸு! இனிமே ராத்திரி வீட்லதான்!" என்று அவன் கத்துவதும், மகள் கட்டிலில் குதிப்பதும் கேட்டது. குதித்து முடியும்வரை அவள் போனைக் காதோடு அழுத்திவைத்திருந்தாள்.

கடைசியில் அவன் குரல், கொஞ்சம் தயங்கி வந்தது. "அப்போ... பாத்திரம்?"

"சொன்னது சொன்னதுதான்" என்றாள்.