பரிகாரம் சொல்லாத நயினார்

பிற்பகல் ஆனால் தரணேந்திர நயினாருக்கு இருமல் கேட்கும். பெரியவர்களின் இருமல் இல்லை. இரண்டு வயதுப் பிள்ளையின் இருமல், கடைசியில் மூச்சு கிடைக்காமல் இழுத்துக்கொண்டு நிற்கும். ஜாதகக் கட்டுகள் அடுக்கியிருக்கும் அலமாரிப் பக்கமிருந்து வரும். மனைவி ஜெயம்மாளுக்கு அது கேட்பதில்லை. ஒருநாள் அவளிடம் வாய்விட்டுச் சொன்னதற்கு, "காதுல எண்ணெய் விட்டுக்கினு படுங்க" என்றாள்.

பேய் என்று சொல்லித் தப்பிக்கவும் அவருக்கு வழியில்லை. அவர் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர். உயிர் ஓர் உடம்பை விட்டதுமே அடுத்த உடம்புக்குப் போய்விடும், நடுவில் எங்கும் நின்று அலையாது என்பது அவர் சமயம். அப்படியானால் அலமாரிக்குப் பின்னால் இருமுவது யார்? பாவம், இதை அவர் எந்த ஜோசியரிடம் போய்க் கேட்பார்.

ஜோசியத்திலும் அந்தச் சமயம்தான் அவருக்கு. காஞ்சிபுரத்தில் மற்ற ஜோசியர்கள் ஜாதகம் பார்த்து முடித்ததும் பரிகாரம் எழுதிக் கொடுப்பார்கள். எந்தக் கோயில், எத்தனை விளக்கு, என்ன கிழமை என்று. நயினார் எழுதமாட்டார். செய்த வினையை அவரவர்தான் அனுபவித்துக் கழிக்க வேண்டும், எந்தத் தெய்வமும் நடுவில் வந்து தள்ளுபடி செய்யாது என்பார். பொய் சொல்லாத மனுஷன் என்று தறிக்காரர்கள்கூட அவரைத் தேடி வந்தார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் தாமல் கிராமத்திலிருந்து கிருஷ்ணவேணி வந்தாள். ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிற குடும்பம். இடுப்பில் ஒரே பிள்ளை பழனி, இருமி இருமிக் கண் சிவந்து கிடந்தான்.

"நெஞ்சுல கோளாறாம். தெனம் ஊசி போடணும்னு தர்மாஸ்பத்திரியில சொல்லிக்கிறாங்க. ஊசியப் பாத்தாலே புள்ள அலறுதுய்யா. நீங்க ஒரு வழி சொல்லுங்க."

நயினார் பிள்ளையின் ஜாதகக் கட்டத்தைப் பார்த்தார். சனி படுத்துகிற நேரம். ஆனால் ஆயுள் பலமாக இருந்தது, எழுபதுக்குக் குறையாது. நல்லதானாலும் கெட்டதானாலும் ஆயுளை வாயால் சொல்வதில்லை என்று வைத்திருந்தார்.

"கஷ்டகாலம்மா. அனுபவிச்சித்தான் கழியணும்."

"ஒரு வெளக்காவது ஏத்தச் சொல்லுங்கய்யா."

"இதுக்குப் பரிகாரம்னு எதுவும் கெடையாதும்மா."

அவள் பிள்ளையின் தலையை முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டு போனாள்.

நாற்பது நாள் கழித்துத் தனியாக வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"நீங்க ஒருத்தர்தான்யா உள்ளதைச் சொன்னீங்க. பரிகாரமே இல்லன்னா புள்ள தங்காதுன்னுதானே. அன்னிக்கே ஊசிய நிறுத்திட்டேன். அழவெக்காம மடியிலயே வெச்சிக்கினு இருந்தேன். அப்படியே போய்ட்டான்."

பிழைக்காத ஜாதகத்துக்குத்தான் ஜோசியர்கள் பரிகாரம் சொல்லாமல் கையை விரிப்பார்கள் என்று ஊரெல்லாம் தெரிந்து வைத்திருந்தது நயினாருக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கால் ஆகாது என்றுதான் அவர் நினைத்தார். மருந்தாலும் ஆகாது என்று அவள் எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதை விடாதே என்று ஒரு வார்த்தை, அந்த ஒரு வார்த்தை அவள் முதலில் வந்தபோது அவர் வாயில் வரவில்லை. வாழைப்பழத்தைப் பார்த்தபடியே இருந்தார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று பிற்பகல்தான் முதன்முதலில் இருமல் கேட்டது.

எழுபத்தொன்றில் ஒருநாள் காலையிலேயே கேட்டது. வழக்கம் தப்பி வருகிறதே என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாசல்ல யாரோ புள்ளயத் தூக்கிக்கினு நிக்கிறாங்க, பாருங்க" என்றாள் ஜெயம்மாள்.

கிருஷ்ணவேணிதான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயதிருக்கும்.

"வடிவுய்யா. பழனிக்கு அப்புறம் பொறந்தவ. அதே இருமல், அதே ஊசி சொல்றாங்க. நீங்க பாருங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, இவளையும் அழவெக்க மாட்டேன்."

அவர் ஜாதகத்தைப் பிரித்தார். கட்டங்கள் எதுவும் கண்ணில் ஏறவில்லை. ஒரு காகிதத்தை எடுத்தார். முப்பது வருஷத்தில் எழுதாததை எழுதினார். எழுதியதைப் படித்தும் சொன்னார்.

"பரிகாரம் இருக்குதும்மா. தொண்ணூறு நாள். தெனம் குளிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடணும். திரும்பி வந்து உங்க குலதெய்வத்துக்கு ஒரு நெய்விளக்கு. ஊசி ஒருநாள் தப்புனாலும் விளக்கு பலிக்காது."

அவள் காகிதத்தை வாங்கினாள். எழுந்திருக்கவில்லை.

"இந்தப் பரிகாரத்த பழனிக்கு ஏன்யா சொல்லல?"

குரலில் கோபம் இல்லை. பரிகாரம் எதுவுமே பலிக்காது என்ற உண்மையைச் சொன்னால் அந்தக் காகிதத்தை அவள் அங்கேயே போட்டுவிட்டுப் போவாள் என்பது அவருக்குத் தெரிந்தது. வடிவு மறுபடியும் இருமினாள்.

"அவனுக்கு ஆயுசு இல்லம்மா" என்றார் நயினார். "இவளுக்கு இருக்குது."

கிருஷ்ணவேணி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"இது போதும்யா. நானே கொன்னுட்டனோன்னு இத்தினி நாளா தூங்காம கெடந்தேன்."

குழந்தையைத் தரையில் இறக்கி விட்டுவிட்டு அவர் காலில் விழுந்தாள். நயினார் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.