சாவிக்காரரின் திக்கல்

என் தொண்டைக்குள் ஓர் ஊரே குடித்தனம் இருக்கிறது என்பான் என் மச்சான். தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அது உண்மைதான். மீன் விற்கும் கிழவியும் நானே, வங்கி மேனேஜரும் நானே. மலைப்பக்கத்து ஆள் வார்த்தையின் வாலை இழுப்பான், துறைமுகத்து ஆள் பாதியை விழுங்கிவிடுவான். யாராக இருந்தாலும் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அந்தப் பேச்சு எனக்கு வந்துவிடும். போனில் என்னிடம் ஏமாறாத சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லை.

அதனால்தான் புது நாடகத்தில் திக்கிப் பேசும் சாவிக்காரர் வேஷத்தை டைரக்டர் எனக்குக் கொடுத்தார்.

"திக்கிக் காட்ட யாருக்குத்தான்யா தெரியாது? ஆனா ஜனம் சிரிச்சிடக் கூடாது. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

பஸ் நிலையத்துக்கு எதிரே நிஜமாகவே அப்படிப் பேசும் சாவிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே எங்கள் வீட்டுப் பூட்டுக்கெல்லாம் மாற்றுச் சாவி போட்டேன். பூட்டு தீர்ந்ததும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். 'க'வும் 'ப'வும் வரும்போது அவர் இடது கண்ணை இறுக்குவார், கட்டை விரலால் தொடையைத் தட்டுவார். மூன்று வாரத்தில் இரண்டையும் கொண்டுவந்துவிட்டேன். சமையலறை, குளியலறை எங்கும் அதே பேச்சுதான்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயமாட்டாள். வீட்டில் அவளுக்குப் பெயரே ரேடியோ. ஒரு நாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "அ... அ... அம்மா, ஷூ லேஸ் அவிழ்ந்திருச்சு" என்றாள்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நான் கைதட்டினேன்.

"புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?"

"போதும் சாமி, ஒரு சாவிக்காரரே எனக்குத் தாங்கல" என்றாள் மனைவி.

அதற்குப் பிறகு மகள் திக்கும்போதெல்லாம் சிரிப்புதான், கைதட்டல்தான். பக்கத்து வீட்டிலும் தட்டினார்கள். ஒத்திகைக்கு அழைத்துப் போனபோது டைரக்டரும் தட்டினார். இப்படியே இரண்டு மாதம் போனது. நாடகமும் அரங்கேறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். நான் அவளை நாற்காலிமேல் ஏற்றி நிறுத்தி, "ரேடியோ, அப்பா மாதிரி பண்ணிக் காட்டு" என்றேன். இடது கண்ணை இறுக்கினாள். தொடையைத் தட்டினாள். "க... க... கதவு பூட்டல சார், நீங்கதான் தள்ளிப் பாக்கல" என்று என் வசனத்தைச் சொன்னாள். நான் நிற்கும் இடத்தில் நின்று, நான் விடும் இடத்தில் விட்டு, அச்சுப் பிசகாமல் இருந்தது. வீடே ஆரவாரம் செய்தது.

நாற்காலியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். "அ... அ... அ..."

"பாரு, இன்னும் வேஷம் கலையல!" என்றான் மச்சான். எல்லாரும் மறுபடி தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவள் கண் இறுகவில்லை. விரல் தட்டவில்லை. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சிக்கி நின்றது 'க'வும் இல்லை, 'ப'வும் இல்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மேசைக்குப் போய் எட்டி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

என் கை பாதியில் நின்றது. 'ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி' என்பார்களே, அது நான்தான். எந்தத் தெருக்காரன் பேச்சையும் பிரித்துச் சொல்வேன் என்று பீற்றிக்கொண்ட காதுக்கு, பெற்ற பிள்ளையின் திக்கல் என்னுடையது இல்லை என்பது இரண்டு மாதமாகக் கேட்கவில்லை. அவள் மூச்சு முட்டி நின்றபோதெல்லாம் நாங்கள் கைதட்டியிருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் என் கையை எனக்குப் பிடிக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "பார்த்துப் பழகி வர்றது இல்ல சார் இது. உங்களால வரல. இந்த வயசுல சில பிள்ளைங்களுக்கு வரும். தானா போயிடலாம், போகாமலும் இருக்கலாம்."

"நாங்க என்ன பண்ணணும் மேடம்?" என்றாள் மனைவி.

"வாரா வாரம் கூட்டிட்டு வாங்க. வீட்டுல வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீங்க, மெதுவா பேசுன்னு சொல்லாதீங்க. கண்ணைப் பார்த்துட்டு, அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"செஞ்சு பாருங்க சார், எவ்வளவுன்னு தெரியும்."

தெரிந்தது. 'அப்பா' என்ற ஒரு சொல் வெளியே வர அவள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. மனைவியும் நானும் கையை மடியில் கோத்துக்கொண்டு உட்காருவோம். கோக்காவிட்டால் கை தானாக அவள் முதுகைத் தடவப் போய்விடும். உங்களால் வரவில்லை என்று டாக்டரம்மா சொன்னதைப் பாதி நாள் நம்புகிறேன், பாதி நாள் முடியவில்லை. ரேடியோ என்று கூப்பிடுவதை எல்லாரும் விட்டுவிட்டோம்.

வேஷத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று டைரக்டரிடம் கெஞ்சினேன். "உன் திக்கலைப் பார்க்கத்தான்யா ஜனமே வருது" என்றார். ஞாயிறுதோறும் பிற்பகல் மேடை ஏறித் திக்கிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவளை மட்டும் அந்தப் பக்கம் அண்டவிடவில்லை.

போன ஞாயிறு வேறு வழியில்லாமல் போயிற்று. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் திடீர் டியூட்டி, மச்சான் வீட்டில் யாரும் இல்லை. மேடைப் பக்கவாட்டில் மேக்கப் அக்கா மடியில் அவளை உட்காரவைத்தேன். திரை விழுந்தது. வெளியே வந்த வேகத்தில் லைட்காரரிடம், "அண்ணே, அந்த ரெண்டாவது லைட் கண்ணைக் கூசுது, கொஞ்சம் இறக்கிக் கட்டிடுங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததை அப்போது கவனிக்கவில்லை.

மேக்கப் அறையில் எண்ணெய்ப் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தாள். பஞ்சை வைத்துவிட்டுத் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன்.

"அ... அப்பா. நீ உள்ள தி... திக்கின. வெளிய வந்ததும் நிறுத்திட்ட. எ... எ... எப்படிப்பா நிறுத்தின? எனக்கும் சொல்லிக் குடு."

அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

"அது வந்துடா கண்ணு... அப்பாவோடது..."

வேஷம் என்று சொல்ல வேண்டும். சொன்னால், அப்போ என்னோடது என்ன என்று கேட்பாள்.

அவள் அவசரப்படுத்தவில்லை. வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் நாங்கள் செய்வது போலவே இரண்டு கையையும் கோத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்தபடி, நான் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தாள்.