தடை எண் பதினேழு

ஜெனி முதன்முதலாகச் சொந்தமாக எழுதிய மென்பொருள் மாட்யூல் மொத்தம் இருநூற்றுப் பத்து வரிகள். எழுத ஒன்றரை மாதம் பிடித்தது.

தென்காசியில் பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. குற்றாலம் மெயின் அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தால் கூட்டம் எத்தனை நிமிடத்தில் வெளியேறும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் வேலை, அருவிப் பாதுகாப்புக் கமிட்டியிடமிருந்து வந்திருந்தது. அவர்களுடைய சிமுலேஷன் மென்பொருளில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. புள்ளிக்கு நடக்கத் தெரியும், சுவரில் முட்டாமல் விலகத் தெரியும். பயந்து ஓடத் தெரியாது. அந்தப் பயத்தை எழுதும் பொறுப்பை மேனேஜர் தாணுமாலயன் அவளிடம் கொடுத்தார்.

முதல் தடவை ஓட்டியபோது நாலாயிரம் புள்ளிகளும் அருவியை நோக்கிப் பாய்ந்தன. ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தாள். தனக்குள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு வேகம் குறையும், வயசானவர்கள் படியில் நின்று மூச்சு வாங்குவார்கள், கூட்டத்தில் பிரிந்தவரைத் தேடிச் சிலர் திரும்பி வருவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். புள்ளிகள் மனுசர்களைப் போலவே முண்டியடித்தன.

கடைகள்தான் மிச்சம். அருவிக்குப் போகிற பாதையில் முப்பத்து நாலு கடைகள். பதினேழாவது அவளுடைய அப்பா பென்னியின் கடை. துண்டு, எண்ணெய், சோப்பு விற்பார். நாலு வருசத்துக்கு முன் ஒரு சாயங்காலம் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியபோது, அவரும் பக்கத்துக் கடைக்காரர்களும் தகரத்தை அடித்து, தொண்டை கிழியக் கத்தி, கூட்டத்தைக் கடைகளுக்குப் பின்னாலுள்ள சந்து வழியாகத் திருப்பிவிட்டதை ஜெனி கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"சார், கடைக்காரங்களையும் புள்ளியா எழுதணும். அவங்க வழி காட்டுவாங்க."

"அதை ரெண்டாவது வெர்ஷன்ல பாத்துக்கலாம்மா. இப்போதைக்குத் தடைன்னு போடு. வெள்ளிக்கிழமை கொடுக்கணும்லா?"

அவள் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதால் மட்டுமல்ல. மாட்யூல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கலைக்க மனசில்லை.

கடைகளோடு பதினோரு நிமிடம். கடைகளை எடுத்துவிட்டால் ஏழு. அறிக்கையில் அவள் பெயரும் இருந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். சீசனுக்கு முன்பே, மே மாதத்தில், ஒரே காலையில் முப்பத்து நாலு கடைகளையும் பிடுங்கிவிட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் பென்னி வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துத்தான் எடுக்காங்களாம். உங்க கம்பெனிதானா?"

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இதுல நான் எங்கன நிக்கேன்?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள்.

"இந்தச் சாம்பல் கட்டமா? அசையவே மாட்டேங்குதே."

ஒன்பது நாளில் இரண்டாவது மாட்யூலை எழுதி முடித்தாள். கடைக்காரர்கள் இப்போது கத்தினார்கள், கூட்டத்தைச் சந்துக்குத் திருப்பினார்கள். ஆறு நிமிடம். இருபது தடவை ஓட்டினாள். ஒரு தடவைகூட ஏழு நிமிடத்தைத் தொடவில்லை.

தாணுமாலயன் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். "சரியாத்தான் இருக்கு. ஆனா பிடுங்கின பொறவு இதை யாருகிட்ட கொண்டு கொடுக்க? முதல்ல கொடுத்தது தப்புன்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமா?"

அவளே தன் பெயரில் கமிட்டிக்கு அனுப்பினாள். 'பெறப்பட்டது' என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அதற்குள் கம்பெனியில் முதல் மாட்யூலை மென்பொருளோடு சேர்த்துவிட்டார்கள். வேறொரு ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்கு அதையே ஓட்டச் சொல்லி அவளுக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

அப்பாவிடம் ஆறு நிமிடக் கணக்கைச் சொன்னாள். "இப்பச் சொல்லி என்ன செய்ய?" என்றார். கோபம்கூட இல்லை.

சாரல் தொடங்கியதும் பென்னிக்குக் கார் நிறுத்துமிடத்தில் விசில் ஊதும் வேலை கிடைத்தது. ஒருநாள் அவர் சோற்றுத் தூக்கை மறந்துவிட்டுப் போக, ஜெனி எடுத்துக்கொண்டு போனாள். பாதையின் மறுகோடியில் கடை வைத்திருந்த சங்கரம்மாள் அவரோடு குடைக்குள் நின்றிருந்தாள். இப்போது கூடையில் மங்குஸ்தான் சுமந்து விற்கிறாள். அவள் ஜெனியைப் பார்த்ததில்லை.

"எவளோ ஒருத்தி கம்ப்யூட்டர்ல கோடு போட்டுக் கொடுத்தாளாம் அண்ணாச்சி. அவ கை விளங்குமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஜெனி வந்து நின்றதும் பேச்சை நிறுத்தினாள். "இது யாரு?"

பென்னி தூக்கை வாங்கிக்கொண்டார். மழை ஈரம் வழிந்த முகத்தைத் துண்டால் துடைத்தார்.

"தெரிஞ்ச பிள்ள."

பிறகு ஜெனியின் பக்கம் திரும்பி, "வழுக்கும். பாத்துப் போங்கம்மா" என்றார்.

பிறந்ததிலிருந்து அவளை அவர் 'வாங்க, போங்க' என்று பேசியதில்லை. யாரைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார் என்று ஜெனி இன்றுவரை கேட்கவில்லை.